இரவில் ஈடியூவுக்கு ஓடுகிறவர்கள்

திருகோணமலையில் இப்போது நாலு பேர் கூடிக் கதைத்தால் ஆஸ்பத்திரிக் கதை வராமல் போகாது. இரவில் ஈடியூவுக்குள், அதாவது ஆஸ்பத்திரியின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குள், கால் வைக்க இடமில்லை, கட்டிலில் இருப்பவர் எப்போது எழும்புவார் என்று இன்னொருவர் பக்கத்திலேயே நிற்கிறார், டொக்டர்மார் ஓடி ஓடிப் பார்த்தும் முடியவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது உண்மைதான், நானும் கண்டிருக்கிறேன். ஆனால் ஏன் இப்படி என்று கேட்டவுடன் வருகிற இரண்டு பதில்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒன்று, "எல்லாம் சும்மா கிடைக்குதுதானே, தடிமனுக்கும் ஓடி வாறாங்கள், ஒரு ஐந்நூறு ரூபா கட்டச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டாங்கள்" என்பது. மற்றது கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது: எல்லாருக்கும் மருத்துவக் காப்புறுதி இருந்தால் சனம் தனியார் பக்கம் போய்விடும், அரசாங்க ஆஸ்பத்திரியின் பாரம் குறையும்.

இரண்டுமே பிழை என்றுதான் நான் நினைக்கிறேன். இரண்டையும் உலகத்தில் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள், அதில் ஒன்றை இலங்கையிலேயே செய்து பார்த்தார்கள். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

காப்புறுதிக்கும் அவசரப் பிரிவுக் கூட்டத்துக்கும் என்ன தொடர்பு என்பதை அமெரிக்காவில்தான் நோண்டி நோண்டி ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே ஆஸ்பத்திரி என்றாலே முதலில் கேட்பது காப்புறுதி அட்டையைத்தான். நியூ ஜேர்சியில் இருக்கிற என் மச்சாள், மகன் கை முறிந்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனவள், காப்புறுதி இருந்தும் "குறிப்பிட்ட தொகை வரைக்கும் நீங்களே கட்ட வேண்டும், அதற்கு மேல்தான் நாங்கள்" என்ற நிபந்தனையால் வந்த பில்லை மாதம் மாதமாகப் பிரித்துக் கட்டி முடித்தாள். அப்படிப்பட்ட நாட்டிலும் அவசரப் பிரிவுக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம் உண்டு. முதியோருக்கான அரச காப்புறுதிப் பணத்தை வாங்குகிற ஆஸ்பத்திரிகள், அதாவது கிட்டத்தட்ட எல்லா ஆஸ்பத்திரிகளும், தங்கள் அவசரப் பிரிவுக்கு வருகிற எவரையும் பரிசோதித்து ஆபத்து நீங்கும்வரை கவனிக்க வேண்டும், காசு இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1986இல் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் பிறகு கூட்டம் ஏற ஏற, "காப்புறுதி இல்லாத ஏழைகள்தான் வந்து நிரப்புகிறார்கள்" என்ற பேச்சு அங்கே வேரூன்றிவிட்டது. நம்முடைய "சும்மா கிடைக்குதுதானே" போலவேதான்.

சரி, கணக்கு என்ன சொல்கிறது? 1996இல் அமெரிக்க அவசரப் பிரிவுகளுக்கு 9 கோடித் தடவையளவு ஆட்கள் வந்தார்கள். 2004இல் அது 11 கோடி. அந்தக் காலத்துத் தரவுகளை வைத்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த ஏற்றத்துக்குக் காப்புறுதி இல்லாதவர்கள்தான் காரணமா என்று நேரடியாகவே கேட்டுப் பார்த்தது. இல்லை. வந்தவர்களில் காப்புறுதி இல்லாதவர்களின் பங்கு ஏறவே இல்லை, முன்பு எவ்வளவோ அவ்வளவுதான். ஏறியது வருமானம் கூடியவர்களின் பங்கும், வழமையாகத் தங்களுக்கென்று ஒரு டொக்டரை வைத்துக்கொண்டு அவரிடம் போகிறவர்களின் பங்கும். அட்டையும் உண்டு, டொக்டரும் உண்டு, ஆனாலும் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள்.

இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒரிகன் மாநிலத்தில் நடந்தது. 2008இல் வசதி குறைந்தவர்களுக்கான அரச காப்புறுதியில் கொஞ்ச இடம்தான் இருந்தது, 90 ஆயிரமளவு பேர் பதிந்துவிட்டார்கள், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் சீட்டுக் குலுக்கினார்கள். அதனால் ஒரேமாதிரியான இரண்டு கூட்டம் கிடைத்தது, ஒன்றுக்குக் காப்புறுதி விழுந்தது, மற்றதுக்கு விழவில்லை. மருந்து ஒன்றைச் சோதிப்பது போலவே காப்புறுதியையும் சோதிக்க முடிந்தது. எல்லாரும் எதிர்பார்த்தது, காப்புறுதி கிடைத்தவர்கள் இனிச் சாதாரண டொக்டரிடம் போவார்கள், அவசரப் பிரிவுக்குப் போவது குறையும் என்பதைத்தான். 2014இல் முடிவு வந்தபோது, காப்புறுதி கிடைத்தவர்கள் ஒன்றரை வருடத்தில் அவசரப் பிரிவுக்குப் போனது மற்றவர்களைவிட 40 சதவீதம் கூட. கொஞ்சக் காலம் போனால் பழகிவிடும், குறையும் என்று சிலர் சொன்னார்கள், இரண்டு வருடம் வரைக்கும் பார்த்தும் குறையவில்லை. நாடு முழுக்கவும் அதே கதைதான். 2010இல் காப்புறுதி இல்லாதவர்கள் 4 கோடி 80 லட்சமளவு, ஒபாமா காலத்துப் புதிய காப்புறுதிச் சட்டத்தால் 2016இல் அது 2 கோடி 80 லட்சமளவாகக் குறைந்தது, அதே காலத்தில் அவசரப் பிரிவு வருகைகள் 13 கோடியிலிருந்து 14 கோடி 50 லட்சத்துக்கு ஏறின.

இதை வாசித்துவிட்டுக் காப்புறுதி கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே ஒரிகனில் காப்புறுதி கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது, குடும்பத்தையே கவிழ்த்துவிடுகிற பெரிய ஆஸ்பத்திரிச் செலவு என்பது ஏறத்தாழ இல்லாமலே போனது. ஒரு தாய்க்கு இரவில் நித்திரை வருவதற்கு அது போதும். நான் சொல்வது ஒன்றுதான்: காப்புறுதி அட்டை கூட்டத்தைக் குறைக்கும் என்று நம்பி இருந்தால் ஏமாந்து போவோம். ஏனென்றால் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு ஒன்பது மணிக்கு அங்கேயும் டொக்டரின் அறை பூட்டித்தான் இருக்கிறது, போன் எடுத்தால் அவசரம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று பதிவு செய்த குரல்தான் பேசுகிறது, பகலில் எடுத்தால்கூடச் சிலவேளை டொக்டரே "அங்கே போனால் எல்லாச் சோதனையும் ஒரே இடத்தில் முடிந்துவிடும்" என்று அனுப்பிவிடுகிறார்.

இனி நம்முடைய பக்கம். நமக்கு அரச ஆஸ்பத்திரியில் காப்புறுதியும் வேண்டாம், காசும் வேண்டாம். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களிலேயே கட்டணத்தை நீக்கிவிட்ட நாடு இது, அதை நினைத்து நான் பெருமைப்படுகிறேன், கூச்சமில்லாமல் சொல்கிறேன். அப்படியானால் "ஐந்நூறு ரூபா கட்டச் சொல்லுங்கள்" என்பவர்களுக்கு என்ன பதில்? அதையும் இந்த நாட்டில் செய்து பார்த்தாயிற்று. 1970களின் தொடக்கத்தில் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறவர்களிடம் 25 சதம் வாங்கினார்கள். அந்தக் காலத்திலும் அது பெரிய காசில்லை. ஆனாலும் வருகிறவர்களின் தொகை சட்டென்று விழுந்தது, 1977இல் அந்தக் கட்டணத்தை நீக்கினார்கள். வராமல் விட்டவர்கள் யார் என்பதுதான் கேள்வி. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வைத்து இதையே பெரிய அளவில் சோதித்தார்கள், சிலருக்கு எல்லாம் இலவசம், சிலர் ஒரு பங்கு கட்ட வேண்டும். கட்டியவர்கள் டொக்டரிடம் போவதைக் குறைத்தார்கள், ஆனால் தேவையில்லாததை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் அதே அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். ஏழைகளில் பிரஷர் இருந்தவர்களைப் பார்த்தால், இலவசமாகக் கவனிக்கப்பட்டவர்களின் பிரஷர்தான் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. எது அவசரம், எது அவசரமில்லை என்று வீட்டிலிருந்தபடியே பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது, காசு அதைப் பிரித்துத் தரவும் மாட்டாது.

அம்மாவை ஒருநாள் இரவு கொண்டுபோனதிலிருந்து இது எனக்கு இன்னும் தெளிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு எரியுது, முதுகுப் பக்கமும் ஏதோ இழுக்குது என்றார். "வாயுதான், இஞ்சி அவிச்சுத் தா" என்று அவரே சொல்கிறார், ஆனால் முகம் வேர்த்திருக்கிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தம் பல வருடமாக இருக்கிறது, சீனி உள்ளவர்களுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு நோவே இல்லாமலும் வரும், வெறும் எரிவாகவும் வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் யோசிக்கவில்லை, இலவச அம்புலன்ஸுக்கு, 1990 என்ற நம்பருக்கு, போன் எடுத்தேன். அந்தச் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்தியாவின் உதவியோடு தொடங்கி, பிறகுதான் நம்முடைய பக்கத்துக்கும் வந்தது. அதற்கு முந்திய காலத்தில் இப்படி ஒரு நேரத்தில் தெருவில் ஓட்டோ தேடி ஓடியதெல்லாம் ஞாபகம் இருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வந்த பிள்ளைகள் ஏற்றும்போதே பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சீனி பார்த்து, அதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து உள்ளே கொடுத்தார்கள்.

ஈடியூவில் அம்மாவைப் படுக்க வைத்து, மணிக்கட்டுகளிலும் கணுக்காலிலும் கிளிப் மாட்டி, நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி அந்த ரப்பர் குமிழ்களை ஒவ்வொன்றாக அமத்தி ஒட்டினார்கள். ஒன்று ஒட்டாமல் கழன்று கழன்று விழுந்தது, நேர்ஸ் மிஸ் பொறுமையாகத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். "அம்மா, கையை இறுக்காமல் விடுங்கோ, கதைக்காமல் இருங்கோ, ஒரு நிமிசம்தான்." ரோசாக் கட்டம் போட்ட கடதாசி மெதுவாக வெளியே வந்தது. டொக்டர் சின்னப் பிள்ளை, சிங்களம் கலந்த தமிழில் "எப்ப இருந்து எரியுது அம்மா, மூச்சு எடுக்கக் கஷ்டமா?" என்று கேட்டுக்கொண்டே அதை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். முதல் ஈசிஜியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அனுப்பவில்லை, இரத்தம் எடுத்தார்கள், சில மணித்தியாலம் கழித்து மறுபடி ஈசிஜி எடுத்தார்கள், விடியப்புறம்தான் இது இரைப்பைக் கோளாறு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னார்கள்.

இப்போது சொல்லுங்கள், இது அவசரமா இல்லையா? முடிவை வைத்துப் பார்த்தால் ஒரு வாய்வு மருந்தோடு போயிருக்க வேண்டிய விசயம். இந்த முடிவு வரும்வரைக்கும் அது மாரடைப்பாக இருந்திருக்கலாம், அந்த டொக்டருக்கே அது தெரியச் சில மணித்தியாலம் தேவைப்பட்டது, பிறகு எப்படி உப்புவெளியில் ஒரு வீட்டுக் குசினியில் நிற்கிற நான் அதை முடிவெடுப்பது? இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சாதாரண டொக்டரே பார்த்திருக்கலாம் என்று கடைசியில் முடிவான ஆட்கள் என்னென்ன முறைப்பாடு சொல்லிக்கொண்டு வந்தார்கள் என்று எடுத்துப் பார்த்தார்கள். அவசரப் பிரிவுக்கு வந்த எல்லாரையும் எடுத்தால் பத்தில் ஒன்பது பேரளவில் அதே முறைப்பாடுகளைத்தான் சொல்லியிருந்தார்கள். வாசலில் நெஞ்சு நோ, வயிற்று நோ, தலைச்சுற்று, காய்ச்சல் என்று எல்லாம் ஒரேமாதிரிதான். "இதுக்கா வந்தனீங்கள்" என்று முடிவு தெரிந்த பிறகு கேட்பது சுகமான கேள்வி.

அன்றைக்கு அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் குச்சவெளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கடற்றொழிலாளி. அவரை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தலையிடி, கண் மங்கல், பிரஷர் பயங்கரமாக ஏறியிருந்தது. மனைவியின் கையில் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் கிளினிக் கொப்பி, நாலு பக்கமும் கிழிந்து ஈரம் பட்டு ஊதிப் போயிருக்கிறது, வெறும் குளிசைத் தாள்கள் சில. குளிசை முடிந்து எவ்வளவோ நாளாம். கிளினிக் தேதியில் கடலுக்குப் போய்விட்டார், மீன் படுகிற காலம், விட்டால் அந்த மாதம் உழைப்பில்லை. "கிளினிக் எண்டால் விடியக் கருக்கலில வெளிக்கிட்டு, வரிசையில நிண்டு, துண்டு எடுத்து, டொக்டரைப் பார்த்து, மருந்துக்கு இன்னொரு வரிசையில நிண்டு பின்னேரம்தான் வீட்ட போறது தங்கச்சி" என்றார் மனைவி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெளியே பார்மசியில் வாங்கலாம்தானே என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மருந்து விலை எங்கே போய் நிற்கிறது என்று அம்மாவின் குளிசை வாங்குகிற எனக்கே தெரியும்.

அந்த மனிதரைத் தேவையில்லாமல் வந்தவர் என்று யார் சொல்ல முடியும்? அவர் வந்தது சரியான இடத்துக்குத்தான், அந்த இரவில் அவருக்கு அது தேவைப்பட்டது. ஆனால் ஒரு மாதத்துக்கு முன்னம் அவருக்குப் பக்கத்திலேயே, அவருக்கு வசதியான ஒரு நேரத்தில், அந்தக் குளிசை கிடைத்திருந்தால் இந்தக் கட்டிலுக்கு அவர் வந்திருக்கவே தேவையில்லை. நம்முடைய நாட்டில் நடக்கிற மரணங்களில் பத்தில் எட்டு இதயம், சீனி, பிரஷர், புற்றுநோய் மாதிரி நீண்டகால வருத்தங்களால்தான். அவற்றில் பெரும்பாலானவை மாதம் தவறாமல் மருந்து எடுக்க வேண்டிய வருத்தங்கள். ஆனால் நம்முடைய ஆஸ்பத்திரிகள் வேலை செய்கிற நேரமோ காய்ச்சல், பேதி, பிரசவம் என்று வந்து குணமாகிப் போகிறவர்களுக்காக வகுத்த பழைய காலத்து நேரம். காலையில் ஓபிடி என்கிற வெளிநோயாளர் பிரிவு, பின்னேரம் நாலு மணியோடு சரி. அதன் பிறகு திறந்திருப்பது ஈடியூதான்.

அப்படியானால் பின்னேரத்தில் என்ன செய்வது? 1977க்குப் பிறகு அரச டொக்டர்மார் கடமை நேரம் போக வெளியே பார்க்கலாம் என்று ஆனதிலிருந்து, டவுனில் காசு இருக்கிறவர்கள் சனல் பண்ணி, அதாவது தனியார் இடத்தில் காசு கட்டி நேரம் பதிந்து, அவர்களைப் பார்க்கிறார்கள். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 40 சதவீதத்துக்கும் மேல் சனம் தங்கள் பையிலிருந்து கட்டுகிறது என்றால் நம்புவீர்களா, இலவச சுகாதாரம் உள்ள நாட்டில்? அதில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது, பின்னேர டொக்டருக்கும், வெளியே எடுக்கிற சோதனைக்கும், பார்மசிக்கும். அதைக் கட்ட முடியாதவர் என்ன செய்வார்? பொறுத்துப் பார்ப்பார், இரவாகும், நோ கூடும், பிறகு ஓட்டோ பிடித்து ஈடியூவுக்கு வருவார். இன்னொரு விசயம், நம்முடைய மாவட்டம் நீட்டு மாவட்டம். வெருகலில் இருந்தும் புல்மோட்டையில் இருந்தும் டவுனுக்கு வருவது சின்னப் பயணமில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்தார் ஓடத்துக்காகக் காத்திருந்து வந்தவர்கள், மூதூர்க்காரர் கடலால் வந்தவர்கள். பாதை வந்த பிறகு டவுன் ஆஸ்பத்திரி கிட்ட வந்துவிட்டது, அது நல்லது, ஆனால் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் இரவில் ஈசிஜி எடுக்க ஆளில்லை, எக்ஸ்ரே இல்லை, எப்படியும் டவுனுக்குத்தான் அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நேரே டவுனுக்குத்தான் விடுவீர்கள். நானும் அதைத்தான் செய்வேன்.

கிண்ணியா என்றதும் 2017 மார்ச் ஞாபகம் வருகிறது. டெங்கு அந்த ஊரைப் போட்டு உலுக்கியது, பாடசாலைகளைச் சில நாள் மூடினார்கள், ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் சனம் தத்தளித்தது. அந்த வருடம் நாடு முழுக்க 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு. அப்போது வந்தவர்களில் யாரையும் பார்த்து "சும்மா வந்து இடத்தை அடைக்கிறாய்" என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்போதும் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதே பயத்தோடுதான் வருகிறார்கள், பெயர் தெரிந்த ஒரு நோய் செய்தியில் ஓடவில்லை என்பதுதான் வித்தியாசம்.

காப்புறுதி நம்முடைய ஊரில் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரச ஊழியர்களுக்கு அக்ரஹார என்ற காப்புறுதி இருக்கிறது, சம்பளத்தில் மாதம் மாதம் வெட்டுப்படும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017இல் தொடங்கிய சுரக்ஷா. வங்கி, கம்பனிகளில் வேலை செய்கிறவர்களுக்குக் குழுக் காப்புறுதி. தனியாக எடுத்தவர்கள் கொஞ்சம். பெரிய ஒப்பரேசன் என்று வந்தால் இவை கைகொடுக்கின்றன, நான் மறுக்கவில்லை, எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியரின் குடும்பம் அதனால் கடன்படாமல் தப்பியது. ஆனால் அன்றாட வருத்தத்துக்கு? அநேகமான காப்புறுதிகள் ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் காசு தரும். டொக்டரைப் பார்த்து மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் ஒன்றும் இல்லை, அல்லது வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை. அதனால் என்ன நடக்கிறது தெரியுமா? கார்ட் உள்ள ஒருவரின் பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்கிறார், கவுண்டரில் இருப்பவர் "கார்ட் இருக்குதுதானே, ஒரு இரவு அட்மிட் பண்ணினால் எல்லாம் கவர் ஆகும்" என்கிறார். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது. அரச வாட்டில் தங்கினால் நாளுக்கு இவ்வளவு என்று தருகிற காப்புறுதிகளும் உண்டு. அப்போது வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்னாலும் இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒருவர் கேட்டால், அவருடைய வீட்டு நிலைமையைத் தெரிந்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கட்டில் கிடைக்காமல் ஈடியூவில் ஒருவர் விடியும்வரை இருக்கிறார். அவசரப் பிரிவு நிரம்பி வழிவதற்கு உலகம் முழுக்கவே பெரிய காரணம் இதுதான்: உள்ளே வந்தவரை மேலே அனுப்ப வாட்டில் கட்டில் இல்லை. வாசலில் நிற்கிற தடிமன்காரரைத் துரத்துவதால் அந்தக் கட்டில் காலியாகாது. தடிமன்காரருக்குக் கட்டிலே தேவையில்லை, அவருக்கு ஐந்து நிமிசமும் ஒரு துண்டும் போதும்.

நோயாளிகளைவிட ஈடியூவில் வேலை செய்கிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கூடுதலாகக் கவலை. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மார், நேர்ஸ்மார் நாட்டைவிட்டுப் போனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், இருப்பவர்கள் போனவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்கிறார்கள். அந்த இரவு அம்மாவைப் பார்த்த மிஸ் விடியும்வரை ஒருமுறைகூட உட்கார்ந்ததை நான் காணவில்லை. அவர்கள் களைத்துப்போய் ஒரு சொல் கடுமையாகச் சொன்னால் அதை வீடியோ எடுத்துப் போடுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வருகிறவர்களுக்கு ஈடியூ தவிர இன்னொரு வாசல் திறக்க வேண்டும்.

அரசாங்கத்துக்கும் இது தெரியாததில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளை ஒரு கொத்தணியாகச் சேர்த்து, சனத்தை அங்கங்கே பதிந்து, முதலில் பக்கத்து டொக்டர், தேவைப்பட்டால்தான் பெரிய ஆஸ்பத்திரி என்று கொண்டுவர வேண்டும் என்று 2018இலேயே கொள்கையாக எழுதியாயிற்று. நல்ல கொள்கை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிலாவெளியில் ஒருவர் பின்னேரம் ஆறு மணிக்கு அந்தக் கொள்கையைத் தட்டிப் பார்த்தால் கதவு திறக்க வேண்டும்.

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதைப் பற்றி நீண்ட நேரம் கதைத்தோம், கட்டணம் வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், கடைசியில் ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தோம், மாவட்டத்தின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு. கேட்பது பெரிய கட்டடமோ புதிய மெஷினோ இல்லை. நிலாவெளி, குச்சவெளி, தம்பலகாமம் மாதிரிப் பிரதேச ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளர் பிரிவு இரவு எட்டு மணி வரைக்கும் வேண்டும், கிழமையில் எல்லா நாளும் முடியாவிட்டால் மூன்று நாளாவது. கிளினிக் தேதி தவறியவர் கொப்பியைக் காட்டினால் அடுத்த தேதி வரைக்குமான குளிசையை வரிசையில்லாமல் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே கொடுக்க வேண்டும், கடலுக்குப் போகிறவர்களுக்கும் வயல் வேலை செய்கிறவர்களுக்கும் இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். இரவில் ஒரு ஈசிஜி எடுத்து அதைப் போனில் டவுன் டொக்டருக்கு அனுப்பிக் கேட்கிற ஒரு வழி வேண்டும், அது இருந்தால் எத்தனையோ பேர் பயம் தெளிந்து அங்கிருந்தே வீட்டுக்குப் போவார்கள், உண்மையாகவே மாரடைப்பு உள்ளவர் நேரம் வீணாகாமல் டவுனுக்கு வருவார்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன், இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் பொறுத்திருந்து பார்க்க வேண்டாம். நெஞ்சு நோ, ஒரு பக்கக் கை கால் விழுவது, வாய் கோணுவது, மூச்சு முட்டுவது, பாம்பு கடித்தது, காய்ச்சலோடு வயிற்று நோவும் விடாத வாந்தியும், இதில் எது வந்தாலும் 1990க்கு எடுங்கள், நடுச்சாமமானாலும் யோசிக்காதீர்கள். போகும்போது கிளினிக் கொப்பியையும் குடிக்கிற குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், அது இருந்தால் உள்ளே பாதி வேலை முடிந்துவிடும்.

கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் தயாராகிக்கொண்டிருக்கிறது. உப்புவெளியிலிருந்து குச்சவெளி வரைக்கும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வருவோம், முக்கியமாகக் கிளினிக் கொப்பி வைத்திருக்கிறவர்களிடம்.